அலமாரி ரூமுக்குள்ள அடங்குது, ஆனா நிமித்தி நிக்க வைக்க முடியல. என்ன பண்ணலாம்?

அரைமுழம்

மக்களே வணக்கம். ரெண்டு நாளா சரியா தூக்கமில்ல, அதனால பதிவு கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

துணி வைக்க ஒரு அலமாரி வேணும். ஒண்ணே ஒண்ணு. அதுக்குத்தான் சனிக்கிழமை நானும் வீட்டம்மாவும் ஊருக்கு வெளிய இருக்கற பெரிய ஃபர்னிச்சர் கடைக்கு போனோம். பேரு வேணாம், தரையில அம்புக்குறி போட்டு நம்மள நடக்க விடுவாங்களே, அந்த மாதிரி கடை. அளவெல்லாம் எடுத்துட்டுத்தான் போனேன், அந்த விஷயத்துல நான் கெட்டின்னு எனக்கே ஒரு நெனப்பு. ரூம் உயரம் 240 செ.மீ. பிடிச்ச அலமாரி 236 உயரம், 60 ஆழம். நாலு செ.மீ மிச்சம் இருக்குன்னு சந்தோஷம் வேற.

காலையில பதினொண்ணுக்கு உள்ள போனோம், வெளிய வந்தது மூணரை. நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா எனக்கே சரியா சொல்ல வரல. சோஃபா செக்ஷன்ல ஆரம்பிச்சு, அப்புறம் டிவி வைக்கற மேஜை, அப்புறம் சமையலறை, எங்களுக்கு சமையலறையே மாத்த வேண்டாம் ஆனா ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து திறந்து பாத்தோம், அது தானா மெதுவா மூடிக்குது, அதைப் பாக்கவே பத்து நிமிஷம் போச்சு. அலமாரி இருக்கற இடத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள கையில இருந்த பையில ரெண்டு மேஜை விளக்கு, தலகாணி உறை நாலு, ஹேங்கர் ஒரு கட்டு, மெழுகுவத்தி ஒரு டப்பா, டப்பா போட்டு வைக்க ஒரு டப்பா. மெழுகுவத்திய நாங்க வாழ்க்கையில கொளுத்தினதே இல்ல. அங்க போட்டிருந்த ஒரு கட்டில்ல உக்காந்து எங்களுக்குள்ள சின்ன சண்டை வேற, எதுக்குன்னு இப்ப ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல. பக்கத்து கட்டில்லயும் ஒரு ஜோடி அதே மாதிரி சண்டை போட்டுட்டு இருந்தாங்க, அதைப் பாத்துத்தான் நாங்க நிறுத்தினோம்.

அப்புறம் கீழ கிடங்கு மாதிரி இருக்கற இடத்துல வரிசை நம்பர் பாத்து நாமளே பெட்டிய இழுத்து ட்ராலியில ஏத்தணும். மூணு பெட்டி, ஒண்ணு 40 கிலோவுக்கு மேல. முதுகு போச்சு. பில் போடற இடத்துல வரிசையில நிக்கறப்ப கூட கைக்கு எட்டற தூரத்துல பேட்டரி அடுக்கி வெச்சிருந்தான், அதுலயும் ஒரு கட்டு எடுத்துப் போட்டேன்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வரேன். ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து மாட்டினேன். தரையில படுக்க வெச்சு மாட்டச் சொல்லி படம் போட்டிருந்துச்சு, அதே மாதிரி செஞ்சேன், அஞ்சரை மணி நேரம். எல்லாம் முடிஞ்சு ரெண்டு பேரும் சேர்ந்து நிமித்தினா, முக்கால்வாசி எழுந்து மேல் மூலை கூரையில இடிக்குது!! கூரையில ஒரு கீறல் வேற விழுந்துருச்சு. 236 எப்படி 240ல இடிக்கும்னு அரை மணி நேரம் வெறிச்சு பாத்துட்டு இருந்தேன். இப்ப அது படுக்கையறை நடுவுல கும்பகர்ணன் மாதிரி படுத்திருக்கு, கட்டிலுக்கு போகணும்னா அது மேல ஏறித்தான் போகணும்.

கேள்வி ஒண்ணு: இதை எப்படி நிக்க வைக்கறது, அடியில கொஞ்சம் அறுத்துடலாமா. கேள்வி ரெண்டு: இந்த மாதிரி கடைக்குள்ள போனா எனக்கு மட்டும்தான் புத்தி பேதலிக்குதா, இல்ல எல்லாருக்குமேவா. ஒரு பொருள் வாங்க போய் பதினேழு பொருளோட வந்திருக்கோம், வீட்டம்மா எண்ணி சொன்னாங்க. "எல்லாமே தள்ளுபடி விலை"ன்னு நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஒத்தையடி

கேள்வி ஒண்ணுக்கு மட்டும் பதில்: அப்படியே விட்டுடுங்க, கதவை மேல் பக்கமா திறக்கற அலமாரின்னு விருந்தாளிங்க கிட்ட சொல்லிக்கலாம். நாற்பது கிலோ தூக்கிட்டு பேட்டரி வாங்கின உங்க தைரியத்துக்கு ஒரு சலாம்.

உளிச்சத்தம்

சிரிக்காதீங்கப்பா, இது மாசத்துக்கு ரெண்டு வீட்லயாவது நடக்கும், நான் தச்சு வேலைக்காரன், என்னைக் கூப்பிடறதே பாதி நேரம் இதுக்குத்தான்.

தம்பி, மொதல்ல ரம்பத்தை கீழ வைங்க, எங்கயும் அறுக்காதீங்க. நீங்க உயரத்தை அளந்தீங்க, மூலைவிட்டத்தை அளக்கல. படுத்திருக்கற பொருள் எழும்பறப்ப கூரைய தொடறது அதோட குறுக்கு மூலை. 236 உயரம் 60 ஆழம்னா பள்ளிக்கூடத்துல படிச்ச பித்தாகரஸ் கணக்குப்படி 243.5 வருது. உங்க ரூம் 240. மூணரை செ.மீ பத்தல, அவ்வளவுதான் விஷயம். அதே உயரத்துல ஆழம் 43க்குள்ள இருந்திருந்தா எழும்பி நின்னிருக்கும். இல்ல ஆழம் 60தான் வேணும்னா உயரம் 232க்குள்ள இருக்கற மாதிரி பாத்து எடுத்திருக்கணும். கூட வர்ற கையேட்டுல நிறைய கம்பெனிக்காரன் ரூம் உயரம் இவ்ளோ வேணும்னு சின்னதா ஒரு படம் போட்டிருப்பான், அதை யாரும் பாக்கறதில்ல, ஏன்னா பெட்டிய பிரிச்ச உடனே நமக்கு ஸ்க்ரூவ எடுத்து திருகணும்னு கை அரிக்கும்.

இப்ப செய்ய வேண்டியது, முழுசா கழட்டி நின்ன வாக்குல திரும்ப மாட்டறதுதான். ஒத்தை பலகைய நிமித்தறதுல பிரச்சனையே வராது, தடிமன் ரெண்டு செ.மீ கூட இருக்காது, அதனால மூலைவிட்டம் 236லயே நிக்கும். முதல்ல பின்பக்க பலகை. மெல்லிசா அட்டை மாதிரி இருக்குமே, அதுல அடிச்ச சின்ன ஆணிய நேரா பிடுங்கினா பலகை பிய்ஞ்சுடும், உள்பக்கத்துலேர்ந்து ஒரு கட்டைய வெச்சு மெதுவா தட்டித் தட்டி தள்ளுங்க. அப்புறம் கேம் லாக், அதான் அந்த வட்டமா இருக்கற பூட்டு, அதை எதிர்ப்பக்கம் அரைச் சுத்து சுத்தினா ஆணி விட்டுடும், பலமா இழுக்காதீங்க. அடிப்பலகைய ரெண்டு பக்கப் பலகையோட நின்ன வாக்குல சேருங்க, ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், விட்டா சாஞ்சுடும். மேல் பலகைய கடைசியா, ஏணி போட்டு, ஒரு பக்கப் பலகைய ஒரு விரற்கடை வெளிய சாய்ச்சு உள்ள நுழைக்கணும். எல்லா பூட்டையும் பாதி இறுக்கி நிறுத்திட்டு, முழுசா கூடினதுக்கு அப்புறம்தான் கடைசி இறுக்கு.

பின்பலகைய மறுபடி அடிக்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்கா ரெண்டு பக்கமும் அளங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தாத்தான் சட்டம் சதுரமா நிக்குதுன்னு அர்த்தம். அந்த மெல்லிசு பலகைய அழகுக்குன்னு நெனச்சு நிறைய பேரு மாட்டாமயே விட்டுடுவாங்க. மொத்த அலமாரியும் பக்கவாட்டுல ஆடாம பிடிச்சு நிக்கறது அதாலதான். கதவு ரெண்டும் ஏத்த எறக்கமா தொங்குதுன்னு கூப்பிடறவங்க வீட்ல பத்துல ஒம்பது பின்பலகை கோளாறு.

ஒரு எச்சரிக்கை. இது பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சின்னச் சின்ன சில்லையும் பசை போட்டு சூட்டுல அழுத்தி செய்யறது. முதல் தடவை ஸ்க்ரூ நல்லா பிடிக்கும், கழட்டி அதே ஓட்டையில திரும்ப போட்டா பிடிமானம் குறைஞ்சுடும். ஓட்டை தொளதொளன்னு ஆயிட்டா தீக்குச்சிய மருந்து கிள்ளிட்டு வுட் க்ளூ தொட்டு உள்ள சொருகி, காஞ்சதும் ஸ்க்ரூ போடுங்க. தண்ணி மட்டும் பட விடாதீங்க, ஓரம் ஊறி உப்பிடுச்சுன்னா திரும்ப பழைய நிலைக்கு வராது. அதுக்காக இது குப்பைன்னு நான் சொல்லல. எங்க ஆளுங்க சில பேரு அப்படி பேசுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு இடத்துல வெச்சு அசைக்காம இருந்தா பல வருஷம் நிக்கும். வீடு மாத்திக்கிட்டே இருக்கறவங்களுக்கு ஆகாது.

கடைசியா, சுவத்துல பிணைக்கற ஒரு பட்டை, எல் மாதிரி ஒரு இரும்பு, பெட்டியிலயே இருக்கும். தூக்கிப் போட்டுடாதீங்க. 2016ல ஐகியாங்கற ஸ்வீடன் ஃபர்னிச்சர் கம்பெனி அமெரிக்காவுல 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளை திரும்ப எடுத்துக்கறோம்னு அறிவிச்சுச்சு, மால்ம்ங்கற மாடல் அதுல முக்கியமானது. சுவத்துல பிணைக்காம வெச்சிருந்தது குழந்தைங்க மேல சாஞ்சு உயிரே போயிருக்கு. குழந்தை கீழ் இழுப்பறைய திறந்து படிக்கட்டு மாதிரி ஏறும், எடை மொத்தமும் முன்னாடி வந்துடும். வீட்ல குழந்தை இல்லன்னாலும் பிணைங்க, விருந்துக்கு வர்ற குழந்தைக்கு உங்க வீட்டு நியாயம் தெரியாது.

மஞ்சகோடு

கேள்வி ரெண்டு எனக்கு. இந்த மாதிரி ஒரு கடையில மூணு வருஷம் வேலை பாத்திருக்கேன். உங்களுக்கு புத்தி பேதலிக்கல, இல்ல பேதலிச்சதுன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பேதலிக்குது, அதுக்குத்தான் அந்த இடத்தையே கட்டியிருக்காங்க.

அம்புக்குறி போற பாதைய கவனிச்சீங்களா, நேரா எங்கயும் போகாது. இருபது முப்பது அடிக்கு ஒரு தடவை திரும்பும். நேரா இருந்தா கடைசி தெரியும், கடைசி தெரிஞ்சா கால் வேகமா போகும். திரும்பற இடத்துலல்லாம் ஒரு ரூமை அப்படியே செட் பண்ணி வெச்சிருப்பாங்க, புக்கு பாதி திறந்து கிடக்கும், போர்வை கலைஞ்சிருக்கும், யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி. அந்தப் போர்வைய தினமும் காலையில கலைக்கறது என் வேலையா இருந்துச்சு, நெசமாத்தான், சும்மா கசக்கினா ஒத்துக்க மாட்டாங்க, அழகா கசக்கணும்.

சின்ன சாமான் கொட்டி வெச்சிருக்கற தொட்டி வழி நெடுக இருக்கும், விலை அடிமட்டத்துல. அது வித்து பெருசா லாபம் வரணும்னு கூட இல்ல. பையில முதல் பொருள் விழறதுதான் கஷ்டம், ஒண்ணு விழுந்துட்டா அப்புறம் கை தானா போகும். காலிப் பையோட ரெண்டு மணி நேரம் நடந்தவன் வெறுங்கையோட போகவும் மனசு வராம ஏதாவது எடுப்பான், அது தனி.

இதுக்கு ஒரு பேரே இருக்கு, க்ரூயன் விளைவுன்னு. விக்டர் க்ரூயன்னு வியன்னாவுல பிறந்த ஒரு கட்டடக் கலைஞர், 1956ல அமெரிக்காவுல மின்னியாபொலிஸ் பக்கத்துல சவுத்டேல்னு ஒரு ஷாப்பிங் மால் கட்டினார், மொத்தமும் கூரை போட்டு மூடி குளிர் வெயில் தெரியாம செஞ்ச மால். ஊர் நடுவுல ஜனங்க கூடிப் பேசற சதுக்கம் மாதிரி இருக்கணும்கறதுதான் மனுஷன் ஆசை. கடைசியில என்ன வாங்க வந்தோம்கறதையே மறந்து சுத்தற அந்த மயக்கத்துக்கு அவர் பேரை வெச்சுட்டாங்க. பிற்காலத்துல அவரே இந்த மாலுங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு கை கழுவிட்டார். பாவம்.

ட்ராலியும் அப்படித்தான். 1937ல ஓக்லஹோமாவுல சில்வன் கோல்ட்மேன்கற கடைக்காரர் கண்டுபிடிச்சது. கையில கூடை கனத்தா ஜனங்க வாங்கறதை நிறுத்திடறாங்கன்னு கவனிச்சு, மடக்கற நாற்காலிய பாத்து சக்கரம் வெச்சு செஞ்சார். முதல்ல யாரும் தொடல, ஆம்பளைங்களுக்கு கௌரவக் குறைச்சல், பொம்பளைங்களுக்கு தள்ளுவண்டி தள்ளி அலுத்துப் போச்சு. சம்பளத்துக்கு ஆள் வெச்சு கடைக்குள்ள தள்ளிக்கிட்டு நடக்க விட்டாராம், அதைப் பாத்துத்தான் மத்தவங்க எடுத்தாங்க. நம்ம கை வலிக்கறதுதான் ஒரு காலத்துல நம்ம பட்ஜெட்டுக்கு காவல், அதைத்தான் சக்கரம் வெச்சு எடுத்துட்டாங்க.

இப்ப விலை ஏன் குறைவுன்னு பாருங்க. 1956ல கில்லிஸ் லுண்ட்கிரென்னு ஐகியா டிசைனர் ஒருத்தர் ஒரு மேஜைய கார்ல ஏத்த முடியாம காலைக் கழட்டி ஏத்தினார், அங்கேர்ந்துதான் இந்த தட்டைப் பெட்டி வியாபாரம் அந்தக் கம்பெனியில சூடு பிடிச்சதுன்னு சொல்லுவாங்க. 1979ல வந்த பில்லி புத்தக அலமாரியும் அவர் போட்ட டிசைன்தான். கூட்டி முடிச்ச அலமாரிய லாரியில ஏத்தினா பாதி இடம் உள்ள இருக்கற வெறும் காத்துக்கே போயிடும். பலகையா அடுக்கினா அதே லாரியில பல மடங்கு போகும். மிச்சமாகற காசுல ஒரு பங்கு உங்களுக்கு விலைக் குறைப்பா வருது. ஆனா கிடங்குல தேடற ஆள், தூக்கற ஆள், டிரைவர், தச்சர், இத்தனை பேரும் நீங்கதான். நீங்க அஞ்சரை மணி நேரம்னு எழுதினதைப் பாத்ததும் எனக்கு அதுதான் தோணுச்சு. அந்த அஞ்சரை மணி நேரம் விலைச்சீட்டுல எங்கயும் போட்டிருக்காது.

அடுத்த தடவை போனா முன்வாசல்ல நுழையாதீங்க. வீட்லயே பொருள் நம்பரையும் கிடங்கு வரிசையையும் அவங்க வெப்சைட்ல பாத்துக்கிட்டு, பில் கவுண்டர் பக்கத்துலேர்ந்து நேரா கிடங்குக்கு போயிடுங்க, பெரும்பாலும் தடுக்க மாட்டாங்க. மேல ஷோரூம் பாத்தே ஆகணும்னா ஒரு செக்ஷன்லேர்ந்து இன்னொண்ணுக்கு குறுக்கு வழி இருக்கும், சுவத்துல மாட்டியிருக்கற வரைபடத்துல தெரியும். எங்க கடையில அந்தக் கதவை விளக்கு வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கற இடத்துல வெச்சிருந்தாங்க. யாருக்கும் மறைக்கலதான், ஆனா யாரும் பாக்கவும் மாட்டாங்க.

பட்டியல்காரி

"எல்லாமே தள்ளுபடி விலை"ன்னு சொன்னதுக்கு உங்க வீட்டம்மா பக்கம்தான் நான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க.

ஃபர்னிச்சர் கடைய விட எனக்கு அனுபவம் டிஸ்கவுன்ட் கடையிலதான், மலை மாதிரி அடுக்கி வெச்சு மொத்தமா விப்பாங்களே அது. அங்க நிஜமாவே விலை கம்மியா இருக்கறதுக்கு காரணம் இருக்கு, எல்லாமே ஏமாத்துன்னு சொல்லிட முடியாது. காஸ்ட்கோ மாதிரி மெம்பருங்களுக்கு மட்டும் மொத்தமா விக்கற அமெரிக்கக் கடையில மொத்தமே சுமார் 4000 வகை பொருள்தான் வெச்சிருப்பாங்க, சாதாரண பெரிய சூப்பர் மார்க்கெட்ல அது பல்லாயிரக்கணக்குல போகும். ஒரே பொருள்ல ரெண்டு பிராண்டு, ஒரே சைஸ், அப்ப கம்பெனிக்காரன் கிட்ட பேரம் பேசற பலம் கடைக்கு வந்துடுது. அடுக்கற வேலையும் கம்மி, லாரியில வந்த மரத்தட்டோட அப்படியே கொண்டு வந்து நிறுத்திடுவாங்க. அந்தக் கம்பெனிக்கு லாபத்துல பெரும் பங்கு பொருளை வித்து வரல, வருஷா வருஷம் நாம கட்டற மெம்பர்ஷிப் காசுல வருது. அதாவது உள்ள நுழையறதுக்கே காசு வாங்கிட்டு உள்ள சல்லிசா தர்றாங்க, நாமளும் கட்டின காசை எடுக்கணும்னு திரும்பத் திரும்ப போறோம்.

ஒரு வேடிக்கை சொல்றேன், வால்மார்ட், கேமார்ட், டார்கெட்னு மூணு டிஸ்கவுன்ட் கடைங்களுமே முதல் கடைய திறந்தது ஒரே வருஷம், 1962. என்னவோ அந்த வருஷம் அமெரிக்காவுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஞானம் வந்திருக்கு.

நான் எங்க ஏமாந்தேன்னா அளவுலதான். பெரிய டப்பாதான் எப்பவும் சல்லிசுன்னு ஒரு நம்பிக்கை, பல தடவை நெசம், ஆனா எப்பவும் இல்ல. விலைச்சீட்டுல கீழ பொடி எழுத்துல ஒரு கிலோவுக்கு, ஒரு லிட்டருக்கு எவ்ளோன்னு போட்டிருப்பாங்க, நான் பாக்கறது அதை மட்டும்தான், மேல பெருசா சிவப்புல இருக்கறதை பாக்கவே மாட்டேன். சிவப்பு சீட்டு போட்டாலே கண்ணு அங்க போயிடும், விலை குறைஞ்சிருக்கான்னு மூளை யோசிக்காது. அதே மாதிரி அடிச்சு கோடு போட்ட பழைய விலை. அந்த விலைக்கு அது எப்ப வித்துச்சு, யாரு வாங்கினாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. நூறுன்னு எழுதி அடிச்சு அறுபதுன்னு போட்டா நாப்பது லாபம்னு மனசு சொல்லுது, ஆனா பையிலேர்ந்து போனது அறுபது. ஒரு தடவை சோப்புத்தூள் அவ்ளோ பெரிய மூட்டை வாங்கிட்டு வந்தேன், வைக்க இடமில்லாம அதை வைக்கவே ஒரு ஷெல்ஃப் வாங்கினேன், ஷெல்ஃப் விலைய சேத்தா என் சோப்புத்தூள்தான் உலகத்துலயே விலை ஒசந்த சோப்புத்தூள்.

இன்னொண்ணு, இன்னைக்கு இருக்கற பொருள் அடுத்த வாரம் இருக்காது, அதுவும் வேணும்னேதான். இப்ப விட்டா கிடைக்காதேங்கற பயத்துலயே மூணாவது குடைய வாங்கிட்டு நிக்கறேன்.

பட்டியல் எழுதிட்டு போங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் பேரையே அப்படி வெச்சுக்கிட்டேன், ஆனா பட்டியல் பாதிதான் வேலை செய்யும். எனக்கு உருப்படியா வேலை செஞ்சது, ட்ராலி எடுக்காம போறது. மேல ஒருத்தர் சொன்ன கை வலி சமாச்சாரம் நெசம்.

ஞாயித்துக்கிழமை

எல்லாரும் சேர்ந்து கடைய வில்லனாக்கிட்டீங்க. நான் மாறிப் பேசறேன்.

எனக்கு அங்க போறது பிடிக்கும். தனியா இருக்கறவன், வீட்ல ஒரு சோஃபா கூட கிடையாது. லீவு நாள்ல போய் எல்லா சோஃபாவுலயும் உக்காந்து பாப்பேன். ஒருத்தரும் எழுந்திருன்னு சொல்ல மாட்டாங்க, காசு குடுன்னு கேக்க மாட்டாங்க. ஒரு தடவை ஒரு டைனிங் டேபிள்ல உக்காந்திருந்தேன், எதிர்ல ஒரு வயசான அம்மா வந்து உக்காந்தாங்க, ரெண்டு பேரும் அரை மணி நேரம் ஏதோ சொந்த வீடு மாதிரி பேசிட்டு இருந்தோம். அவங்களும் எதுவும் வாங்கல. மயக்கம்னு சொல்றீங்க, சரி, மயங்கத்தானே போறேன். பையில எதுவும் போடாம மயங்கினா யாருக்கு என்ன நஷ்டம்?

அப்புறம் அந்த அஞ்சரை மணி நேரத்தை வெறும் கூலியில்லா வேலைன்னு மஞ்சகோடு சொன்னதுல எனக்கு பாதிதான் சம்மதம். 2012ல நார்ட்டன், மோச்சன், ஏரியலின்னு மூணு பேரு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுக்கு ஐகியா விளைவுன்னே பேரு. தானே மாட்டின பெட்டிக்கு, தானே மடிச்ச காகிதப் பொம்மைக்கு மத்தவங்க தர்ற மதிப்பை விட ஜனங்க அதிக மதிப்பு வெச்சாங்க. ஆனா பாதியில நின்னு போனா, இல்ல கட்டினதை அப்பவே கலைச்சுட்டா, அந்தப் பாசம் வரல. அரைமுழம் சார், நீங்க இப்ப நிக்கறது சரியா அந்த நடுவாந்தரத்துல. அதனாலதான் தூக்கம் வரல. நிக்க வெச்சுட்டீங்கன்னா அந்த அலமாரி மேல ஒரு கீறல் விழ விட மாட்டீங்க பாருங்க.

மஞ்சகோடு

ஞாயித்துக்கிழமை, சும்மா உக்கார வர்றவங்க எங்க கடையிலயும் நிறைய உண்டு, எங்களுக்கும் அவங்களை ரொம்ப பிடிக்கும், சோஃபாவுல ஆள் உக்காந்திருந்தாத்தான் அடுத்தவன் வந்து உக்காருவான். சம்பளம் இல்லாம ட்ராலி தள்ளற ஆளு மாதிரி. சண்டைக்கு சொல்லல 😀

அரைமுழம்

எல்லாருக்கும் நன்றி, நேத்து ராத்திரி வேலைய முடிச்சேன்.

உளிச்சத்தம் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே கட்டைய வெச்சு தட்டித்தான் பின்பலகைய எடுத்தேன், ஒரு மூலையில மட்டும் பிய்ஞ்சுது. கழட்ட ரெண்டு மணி நேரம், திரும்ப மாட்ட மூணு மணி நேரம். வீட்டம்மா பக்கப் பலகைய பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, நான் ஏணி மேல. மேல் பலகைய நுழைக்கறப்ப அந்த ஒரு விரற்கடை சாய்ச்சதும் டக்குனு உக்காந்துச்சு பாருங்க, அந்த சத்தத்துக்கு அஞ்சரை மணி நேரமும் குடுக்கலாம். குறுக்களவு பாத்தேன், ஒண்ணு 5 மி.மீ அதிகம் வந்துச்சு, தோளால ஒரு தள்ளு தள்ளி சரி பண்ணிட்டு ஆணி அடிச்சேன். மூணு ஓட்டைக்கு தீக்குச்சி வைத்தியம். சுவத்துல பிணைச்சாச்சு. கூரையில விழுந்த கீறல் சரியா அலமாரிக்கு மேல வந்ததால வெளிய தெரியல.

ஆனா நடுவுல கேம் லாக் பூட்டு ஒண்ணு உடைஞ்சு போச்சு, அதுக்காக திரும்ப அந்தக் கடைக்கு போக வேண்டியதாயிடுச்சு. மஞ்சகோடு சொன்ன மாதிரி முன்வாசல்ல நுழையாம வெளிய வர்ற வழியிலேயே போனேன். பொருள் திருப்பிக் குடுக்கற கவுண்டர் அங்கதான் இருக்கு, பூட்டு கேட்டா காசு வாங்காமயே ஒரு சின்ன கவர்ல ரெண்டு போட்டுக் குடுத்தாங்க. ஏழு நிமிஷத்துல வெளிய வந்துட்டேன், ட்ராலி எடுக்கல, பையும் எடுக்கல. கார் வரைக்கும் பெருமையா நடந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த ரெண்டு மேஜை விளக்கையும் பிரிச்சோம். பல்பு தனியா வாங்கணுமாம்.

உளிச்சத்தம்

எந்த மாடல்னு பெட்டியில போட்டிருக்கும், பல்போட மாட்டற பக்கம் பெருசா சின்னதான்னு பாத்துட்டு கிளம்புங்க தம்பி. இல்லன்னா அதுக்கும் ரெண்டு தடவை போவீங்க.

பட்டியல்காரி

வீட்டுக்கு பக்கத்து எலக்ட்ரிக் கடையிலயே கிடைக்கும். தயவுசெஞ்சு.